சுண்டுவிரல் தரப்பு வாதம்

"கீபோர்டு என்றால் கீபோர்டுதான், அதில் உனக்கென்று தனியாக என்ன வேண்டியிருக்கிறது?" இரண்டு துண்டாகப் பிரிந்து, ஒன்று இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமும் சாய்ந்து நிற்கும் விசைப்பலகையை மேஜையில் வைத்திருப்பவர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்பவர் பதிலுக்குக் காத்திருப்பதுமில்லை. உலகமே இந்தப் பலகையில்தான் அடிக்கிறது, 150 வருஷமாக அடிக்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள் முப்பது வருஷம் ஆபீஸில் அடித்துவிட்டு நிம்மதியாகப் பென்ஷன் வாங்குகிறார்கள். கை வலிக்கிறதென்றால் நீ உட்காரும் விதம் சரியில்லை. மற்றபடி இதெல்லாம் காசு கொழுத்த ஐடி பையன்களின் விளையாட்டு. தீர்ப்பும் வாசித்து முடித்துவிடுவார்.

தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் படுகிறது. அதனால்தான் நாள் முழுக்கத் தட்டச்சை நம்பிப் பிழைப்பவர்கள்கூட, டிடிபி கடையில் புத்தகம் அடிப்பவரிலிருந்து நிரல் எழுதுபவர்வரை, மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு அதே பலகையில் தொடர்கிறார்கள். எனக்குப் பிழைப்பு மொழிபெயர்ப்பு. ஆகவே இந்த வழக்கில் நான் நடுநிலையாளன் இல்லை. சுண்டுவிரல் தரப்பில் ஆஜராகிறேன்.

முதலில் அந்த 150 வருஷத்தைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கிறிஸ்டோபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் உருவாக்கிய தட்டச்சுப்பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு விசையோடும் ஒரு நீண்ட நெம்புகோல் பின்பக்கமாகப் போகும். முன்வரிசை விசைகளின் கோல்கள் பின்வரிசை விசைகளின் தண்டுகளுக்கு இடையே நுழைந்து போயாக வேண்டும். ஒரு விசைக்கு நேர் பின்னால் இன்னொரு விசையை வைத்தால் வழி அடைபட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இன்றைய லேப்டாப்புக்குள் கோலும் இல்லை, தண்டும் இல்லை. ரப்பர் குமிழும் மெல்லிய படலமும்தான். ஆனாலும் வரிசைகள் அன்று விலகிய கணக்கிலேயே விலகி நிற்கின்றன. க்யூ வரிசைக்கும் ஏ வரிசைக்கும் கால் விசை தூரம், ஏ வரிசைக்கும் இஸட் வரிசைக்கும் அரை விசை தூரம். இரும்புக் கோல்களின் வசதிக்காகச் செய்த ஏற்பாட்டை, கோல்கள் போய்ச் சேர்ந்த பிறகும் விரல்கள் சுமந்துகொண்டிருக்கின்றன.

அந்த விலகல் எந்தப் பக்கம் என்று பாருங்கள், இன்னும் வேடிக்கை. கீழ்வரிசையிலிருந்து மேலே போகப்போக விசைகள் இடப்பக்கம் ஒதுங்குகின்றன. வலக்கை மேஜைக்கு வருவது வலது கீழிலிருந்து இடது மேல்நோக்கி என்பதால், விரல்கள் நீளும் திசையோடு அது ஏதோ ஒத்துப்போகிறது. இடக்கை வருவதோ இடது கீழிலிருந்து வலது மேல்நோக்கி. விரல் ஒரு பக்கம் நீள, விசை எதிர்ப்பக்கம் ஓடுகிறது. இஸட், எக்ஸ், சி மூன்றையும் வரிசையாக ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இடது மணிக்கட்டு என்ன செய்கிறதென்று கவனியுங்கள். மனிதருக்கு இரண்டு கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இந்தப் பலகையின் கணக்கில் இரண்டுமே வலக்கை.

இதைச் சொன்னால், "பிரிந்த கீபோர்டெல்லாம் நேற்று வந்த ஃபேஷன்" என்கிறார்கள். தட்டச்சுப்பொறியின் விசைகளை இரு கைக்கும் இரண்டு தொகுதியாகப் பிரிக்கும் யோசனைக்கு ஹைட்னர் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1915இல். ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க், விசைகளைப் பிரித்துப் பக்கவாட்டில் சரித்து வைக்க வேண்டும் என்று புத்தகம் எழுதியது 1926இல். கார்ல் குரோமர் அதைப் பரிசோதனைக்கூடத்தில் சோதித்து முடிவுகளை 1972இல் வெளியிட்டார். அதே பத்தாண்டில் பிரிட்டனில் லில்லியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும் விரல் நீளத்துக்கேற்பக் கிண்ணம்போலக் குழிந்த மால்ட்ரான் பலகையைக் கொண்டுவந்தார்கள். 1994இல் மைக்ரோசாஃப்ட்டே நடுவில் பிளந்த நேச்சுரல் கீபோர்டை விற்றது. பித்துதான் என்றால், நூறு வயது தாண்டிய பித்து.

உட்காரும் விதம் சரியில்லை என்கிற குற்றச்சாட்டுக்கு ஒரு ஸ்கேல் போதும். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் குடியிருக்கும் இடம் எஃப், ஜே. ஒரு விசையின் மையத்திலிருந்து அடுத்த விசையின் மையம் 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். எஃப்புக்கும் ஜேக்கும் இடையே மூன்று விசை தூரம், சுமார் 57 மில்லிமீட்டர். நம் தோள்பட்டைகளுக்கு இடையே ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அங்கே 40, இங்கே 6. முன்கைகள் இரண்டும் ஆப்பு வடிவில் நடுவே குவிந்தால்தான் விரல்கள் அங்கே போய்ச் சேரும். சேர்ந்த பிறகு விசைகள் நேராக நிற்கின்றன, கைகள் சரிவாக நிற்கின்றன. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் வளைகிறது. முதுகை எவ்வளவு நிமிர்த்தினாலும், எவ்வளவு விலை கொடுத்து நாற்காலி வாங்கினாலும் 57 மில்லிமீட்டர் 58 ஆகாது.

அது ஒரு வளைவு. உள்ளங்கையை மேஜையில் தட்டையாகக் கவிழ்க்க முன்கை முறுக்கிக்கொள்வது இரண்டாவது. கையைத் தளரவிட்டு மேஜைமேல் வைத்தால் அது கை குலுக்கப்போவதுபோல் கட்டைவிரல் மேலே இருக்கச் சாய்ந்து நிற்கும், கவிழ்ந்து படுக்காது. மூன்றாவது, பலகையின் பின்பக்கம் இருக்கும் அந்த இரண்டு குட்டிக் கால்கள். வாங்கிய உடனே எல்லாரும் அவற்றை நிமிர்த்திவிடுகிறார்கள். அவை விசைமேல் அச்சிட்ட எழுத்து கண்ணுக்குத் தெரிய உதவும். மணிக்கட்டையோ மேல்நோக்கி மடக்கிவிடும். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் ஒரே ஒரு குறுகிய வழியில் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் அந்த வழிக்குள் அழுத்தம் கூடுகிறது என்பது அளந்து பார்த்த உண்மை. இந்தக் கட்டுரையிலிருந்து வேறெதுவும் வேண்டாம் என்பவர்கள் அந்தக் கால்களையாவது மடக்கி வையுங்கள். செலவே இல்லை.

டைப்ரைட்டர் காலத்தவர்களுக்கு வலிக்கவில்லையா என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பதில் கேட்பவர்கள் எதிர்பார்ப்பது இல்லை. விரல்வேலை செய்பவருக்குக் கை நோவு என்பது கணினியோடு வந்ததல்ல. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, எழுத்தர்களுக்குக் கை சோர்ந்து வலுவிழப்பதைப் பற்றி 1713இலேயே எழுதினார். ஓயாமல் ஒரே மாதிரி கை அசைவதைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். பிரிட்டனில் தந்தி அடிப்பவர்களுக்கு வந்த கைப்பிடிப்பு, 1908இல் நஷ்டஈடு தர வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் ஏறியது. நம் ஊரில் யாருக்கும் வலிக்கவில்லை என்பதற்கு ஒரே சாட்சி, யாரும் வெளியே சொல்லவில்லை என்பதுதான்.

அதோடு டைப்ரைட்டரில் அடிப்பது வேறு வேலை. வரி முடிந்தால் மணி அடிக்கும். கையைத் தூக்கி வண்டியைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பனை அடுக்கி, புதுத்தாளைச் செருக வேண்டும். தப்பு விழுந்தால் அழித்துத் திருத்த வேண்டும். நிமிஷத்துக்குப் பலமுறை கைக்கு வேறு வேலை வந்துகொண்டிருந்தது. இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் மணிக்கட்டு தாழ்ந்தால் அதட்டுவார். விசை கனமாக இருந்ததால் முன்கை முழுவதும் சேர்ந்துதான் அழுத்தியது. இன்று மணி அடிப்பதில்லை, தாள் தீர்வதில்லை. மணிக்கட்டு லேப்டாப் விளிம்பில் படுத்துக்கிடக்க, விரல்கள் மட்டும் காலையிலிருந்து ராத்திரிவரை துள்ளுகின்றன. இடைவேளைகளைப் பிடுங்கிக்கொண்டு பலகையை மட்டும் அப்படியே விட்டுவைத்துவிட்டு, "அவர்களுக்கு வலிக்கவில்லையே" என்பது எந்த ஊர் நியாயம்?

படித்தவர்களின் ஆட்சேபம் வேறு மாதிரி. மருத்துவ ஆதாரம் எங்கே என்பார்கள். இருக்கிறது, அளவோடு இருக்கிறது. 90 அலுவலக ஊழியர்களை வைத்துச் செய்து 1999இல் வெளியான ஒரு ஆய்வில், சாதாரணப் பலகையில் சராசரியாக 12 டிகிரி வளைந்திருந்த மணிக்கட்டு, சரியாக அமைத்த பிரிந்த பலகைகளில் நேர்நிலைக்கு 5 டிகிரிக்குள் வந்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, ஏற்கெனவே கைவலி இருந்த 80 பேருக்கு ஆறு மாதம் பலகைகளைக் கொடுத்துப் பார்த்தது. மூன்று மாற்றுப் பலகைகளில் ஒன்றை, மைக்ரோசாஃப்டின் பிளந்த பலகையை, வைத்திருந்தவர்களுக்கு வலி குறைந்தது, கையின் செயல்பாடும் மேம்பட்டது; ஆனால் மருத்துவர் கண்ட அறிகுறிகளில் அதற்கேற்ற மாற்றம் இல்லை. மணிக்கட்டின் அந்தக் குறுகிய வழியில் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் நோய்க்கு இப்படிப்பட்ட சாதனங்கள் சிகிச்சையாகுமா என்று, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2012இல் அலசிய மறுஆய்வு, ஆகும் என்றோ ஆகாது என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது.

ஆகவே "வாங்கினால் நோய் தீரும்" என்று விளம்பரம் செய்பவர் வைத்தியர் அல்ல, வியாபாரி. அவருக்காக நான் வாதாடவில்லை. விரல் மரத்துப்போகிறதா, ராத்திரியில் கை எரிகிறதா, மருத்துவரிடம் போங்கள், பலகை அப்புறம். ஆனால் நோய் தீர்வது ஒன்று, நோகாமல் வேலை செய்வது வேறொன்று. முதலாவதற்குக் கேட்க வேண்டிய சான்றை இரண்டாவதற்குக் கேட்கிறார்கள். நாற்காலிக்கு மெத்தை போடும்போது யாரும் காக்ரேன் மறுஆய்வைப் புரட்டுவதில்லை.

இனி நம் பாட்டுக்கு வருகிறேன். பிரிந்த பலகையை எதிர்ப்பவர்களும் அதைக் கொண்டாடும் பொழுதுபோக்குக் கூட்டமும் சேர்ந்தே பார்க்கத் தவறிய இடம் இது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசை அமைப்பு, பிரிந்த பலகையின் தத்துவத்தை ஏற்கெனவே தனக்குள் வைத்திருக்கிறது. பன்னிரண்டு உயிரும் இடக்கையில். மெய்கள் வலக்கையில். வகரமும் ஙகரமும் மட்டும் இடமில்லாமல் இடப்பக்கம் ஒண்டிக்கொண்டவை. மெய்யும் உயிருமாகத் தமிழ் நகர, கைகள் மாறிமாறி அடிக்கின்றன. அருமையான ஏற்பாடு. எழுத்துகளை இரு கைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பலகையைப் பிரிப்பது மட்டும் அவர்கள் கையில் இல்லை. கடையில் கிடைக்கும் ஆங்கிலப் பலகையில்தான் எல்லாவற்றையும் இருத்தியாக வேண்டியிருந்தது.

விளைவை எண்ணிப் பார்க்கலாம். வலப்பக்கம் வைக்க வேண்டிய மெய்கள் பதினாறு. ஆங்கிலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எழுத்து விசைகள் பதினொன்று. மிச்சம் ஐந்து மெய்கள் நிறுத்தக்குறிகளின் இடத்துக்குத் தள்ளப்பட்டன: ந, ய, ச, ஞ, ழ. அந்த ஐந்தும் பலகையின் வலது ஓரம். ஐந்தும் சுண்டுவிரலின் பொறுப்பு. பி (P) விசையில் இருக்கும் ணகரத்தையும் சேர்த்தால் ஆறு. முறைப்படி பத்து விரலில் அடிப்பவருக்கு வலக்கை மெய்களின் பங்கீடு இதுதான்: ஆள்காட்டிக்கு ஆறு, நடுவிரலுக்கு இரண்டு, மோதிரவிரலுக்கு இரண்டு, சுண்டுவிரலுக்கு ஆறு. கையிலேயே நோஞ்சான் விரலுக்கு, பலசாலி விரலுக்குச் சமமான சுமை. இது போதாதென்று என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட் மூன்றும் அதன் தலையிலேயே. "நியாயம்" என்று அடித்துப் பாருங்கள். ஏழு தட்டல். அதில் ந, ய, ய மூன்றும் வலது சுண்டுவிரல். நடுவில் வரும் ஆகாரம் இடது சுண்டுவிரல். ஏழில் நான்கு. கட்டைவிரல்கள் இரண்டும் இந்த நேரத்தில் என்ன செய்கின்றன? ஆறு விசை அகலத்துக்கு நீண்டு கிடக்கும் ஒரே ஒரு இடைவெளிப் பட்டையை முறைவைத்துக்கூட அல்ல, பெரும்பாலும் ஒரே விரல் மட்டும் தட்டிக்கொண்டு, மற்றது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, பிரிந்த பலகை ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்ததா என்றால், தீராது. இங்கேதான் அந்தக் கூட்டத்தோடும் எனக்குச் சண்டை. அவர்களிடையே இன்று கோலோச்சும் சித்தாந்தம், விசை குறையக் குறைய உத்தமம் என்பது. விரல் தன் இருப்பிடத்திலிருந்து ஒரு விசைக்குமேல் நகரவே கூடாதாம். ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்துப் பெயர்பெற்ற கார்னே பலகையில் மொத்தம் 42 விசைகள். இன்னும் தீவிரமானவர்கள் 36, 34 என்று இறங்கிவிட்டார்கள். இருபத்தாறு எழுத்துக்காரர்களுக்கு அது சரி. தமிழ்99க்கு உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, புள்ளி ஒன்று, ஆக முப்பத்தொரு விசை. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் சேர்ந்தால் முப்பத்துமூன்று. 42 விசைப் பலகையை அதன் வழக்கமான அமைப்பிலேயே எடுத்துக்கொண்டால் சகரமும் ஞகரமும் வெளியே போய்விடுகின்றன. 36 விசைப் பலகையில் யகரமும் போகிறது. போன எழுத்தை அடிக்க ஒவ்வொரு முறையும் இன்னொரு விசையைப் பிடித்துக்கொண்டு மறைவு அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும். சொல், செய், யார் என்று எழுத முடியாத பலகையில் தமிழில் என்ன எழுதுவது?

அவர்களின் இன்னொரு செல்லப்பிள்ளை, நடுவரிசை விசைகளுக்கு இரட்டை வேலை கொடுப்பது. தட்டினால் எழுத்து, பிடித்தால் ஷிஃப்ட்டோ கண்ட்ரோலோ. வேகமாக அடிக்கும்போது தட்டலைப் பிடிப்பாகப் புரிந்துகொண்டு பலகை தவறாக நடக்கும் என்பது இதன் தெரிந்த தொல்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: அடுத்த விசை எதிர்க்கையிலிருந்து வந்தால் மட்டுமே பிடிப்பு என்று கொள், ஒரே கையிலிருந்து வந்தால் எழுத்து என்று கொள். ஒரே கையில் பல எழுத்து தொடர்ந்து வரும் ஆங்கிலத்துக்கு இது பெரிய உதவி. தமிழ்99இல் மெய்க்கு அடுத்த உயிர் பெரும்பாலும் எதிர்க்கையிலிருந்துதான் வருகிறது. கைமாறுவதே அதன் உயிர்நாடி. வேறொரு மொழிக்கு அரைத்த மருந்து இங்கே நோயோடு கைகோத்துக்கொள்கிறது. ஆகவே தமிழ் அடிப்பவர் அந்த இரட்டை வேலைகளை எழுத்து விசைகளிலிருந்து கழற்றிக் கட்டைவிரல்களிடம் ஒப்படைப்பதே புத்திசாலித்தனம்.

பிறர் செய்த பலகையைப் பிரதியெடுக்காமல் நமக்காக வடிவமைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கைவேலையின் ருசிக்காக மட்டும் அல்ல. வேலையும் மலைப்பானதில்லை. விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. இன்ன எண்ணுள்ள விசை அழுந்தியது என்று மட்டும்தான் சொல்கிறது. அதைச் சகரமாக்குவது கணினியில் இருக்கும் தமிழ்99 மென்பொருள். எனவே மென்பொருளில் கைவைக்காமலேயே, சகரத்துக்குரிய விசை எண்ணை நம் பலகையின் எந்த விசையிலிருந்தும் அனுப்பலாம். கியூஎம்கே என்ற இலவச நிரல் பலகையின் சில்லுக்குள் உட்கார்ந்து இதைச் செய்கிறது.

என் பலகையில் தமிழுக்கான அடுக்கில் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் இடது கட்டைவிரலுக்கு அனுப்பிவிட்டேன். காலியான இடங்களில், நடுவிரலுக்குக் கீழே ச, மோதிரவிரலுக்குக் கீழே ய. ஞகரத்துக்குத் தனி விசையே இல்லை. யகரத்தையும் ழகரத்தையும் ஒருசேர அழுத்தினால் ஞ. ஏன் அந்த ஜோடி? மற்ற பக்கத்து ஜோடிகள் எல்லாம் சொல்லுக்குள் அடுத்தடுத்து வந்து வம்பு செய்கின்றன. அரசு என்றால் ர, ச. மதம் என்றால் ம, த. வண்டி என்றால் ண, ட. யகரமும் ழகரமும் நடுவில் உயிரோ புள்ளியோ இல்லாமல் ஒட்டி வரும் தமிழ்ச்சொல்லை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். ஆக, சுண்டுவிரலுக்கு ஆறு மெய் மூன்றானது. இரண்டே மெய்யோடு சொகுசாக இருந்த நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் மும்மூன்று. முப்பது விரல் விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது.

இதில் ஒரு வம்பு உண்டு. கணினி இப்போது தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பலகைக்குத் தெரியாது. மொழி மாற்றும் கட்டளையை அனுப்புவதும் பலகையின் அடுக்கை மாற்றுவதும் ஒரே விசையில் நடக்கும்படி எழுதிவிட்டால் இரண்டும் சேர்ந்து மாறும். அவசரத்தில் மவுஸால் மொழியை மாற்றினால் கணினி ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம் நின்றுகொண்டு திரையில் வாந்தி எடுக்கும்.

உருவத்தை வடிவமைப்பதற்குக் கணினியைத் திறக்கும் முன் ஒரு ஏ4 தாளும் கைநாட்டு வைக்கும் ஸ்டாம்ப் பேடும் வேண்டும். தாளை மேஜையில் ஒட்டி, விரல்நுனிகளை மையில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை இயல்பாக இறக்குங்கள். ஐந்து பொட்டு விழும். அடுத்து ஒவ்வொரு விரலாக முன்னே நீட்டி, பின்னே மடக்கி இழுங்கள். பொட்டுகள் கோடுகளாகும். கோடுகள் ஒன்றும் இணையாக இருக்காது; சுண்டுவிரலின் கோடு வெளிப்பக்கம் விரியும், கட்டைவிரலினுடையது வில்லாக வளையும். நடுவிரல் பொட்டு உச்சியில், சுண்டுவிரல் பொட்டு பரிதாபமாகக் கீழே. சிலருக்கு அந்த இறக்கம் ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு இரண்டு. இரண்டு பேரின் தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் பொருந்தாது. பலகை எல்லாருக்கும் ஒன்றுதான் என்பவரிடம் நான் வாதத்தைவிட இந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவேன்.

பிறகு அட்டைப்பெட்டி அட்டையில் 14 மில்லிமீட்டர் சதுர ஓட்டைகள் வெட்டி, அந்தக் கோடுகளின் வழியே சுவிட்சுகளைச் செருகி, சில நாள் மின்சாரமே இல்லாமல் வெறுமனே அடித்துப் பழக வேண்டும். எட்டாத விசை எது, விரல் உரசும் விசை எது என்று அட்டையே சொல்லிவிடும். ஓட்டையை நகர்த்த ஒரு பிளேடு போதும். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேரே சர்க்யூட் போர்டுக்கு ஆர்டர் கொடுப்பவர்கள்தான் அப்புறம் காசு வீணானதாகப் புலம்புகிறார்கள். திருப்தியானதும், சுவிட்சுகளைத் தாங்கும் தகட்டை லேசர் வெட்டும் கடையில் கொடுக்கலாம், முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். ஒவ்வொரு சுவிட்சோடும் 1என்4148 என்ற டயோடு ஒன்று. கறுப்புக் கோடு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். பாதிக்கு ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு. இரண்டு பாதியையும் இணைப்பது இயர்போன் வயர் மாதிரியான நாலு முனை வயர் என்றால், யுஎஸ்பியில் மின்சாரம் ஓடும்போது அதைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. நுழையும் வழியில் முனைகள் ஒன்றையொன்று தொட்டுச் சில்லு கருகும்.

பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சு இங்கே தானாக அடிபட்டுப்போகிறது. வெளிநாட்டில் ஆயத்தமாக விற்கும் உயர்ந்த ரகப் பலகைகள் கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து இருபது முப்பதாயிரத்தைத் தாண்டும்தான். டயோடு ஒன்றிரண்டு ரூபாய். சென்னைக்காரருக்கு ரிச்சி தெருவில் சாலிடரிங் அயன் முதல் வயர்வரை கிடைக்கும். சுவிட்சுகள்தான் செலவு. கையால் வயர் இழுத்துச் செய்தால் கடையில் விளக்கெரியும் ஒரு கேமிங் கீபோர்டுக்கு ஆகும் செலவுக்குள் முடிந்துவிடும். அந்த வானவில் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் யாரும் "இதெல்லாம் தேவையா" என்று கேட்பதில்லை. சாய்வு வேண்டுமா? பாதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை ஆப்பு. பத்து டிகிரியில் தொடங்கி, கை ஒப்புக்கொள்ளும்வரை உயர்த்திக்கொண்டே போகலாம்.

வேகம் குறையுமே என்கிறார்கள். குறையும். முதல் வாரங்களில் எரிச்சலூட்டும் அளவுக்குக் குறையும். அப்போது கெடுவைத்த வேலை எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. நேர்வரிசையில் நிற்கும் விசைகள் நம் பழைய கள்ளத்தனங்களையும் காட்டிக்கொடுக்கும். பி (B) விசையை இத்தனை காலம் தவறான கையால் அடித்து வந்தவருக்கு அந்த விசை காணாமலே போய்விடும். ஆனால் "இதில் பழகினால் ஆபீஸ் லேப்டாப்பில் அடிக்கவே வராது" என்ற பயமுறுத்தலைத் தமிழ் அடிப்பவரிடம் சொல்வது விந்தை. அவர் தமிழ்99இல் ஒரு வரியும் ஆங்கிலத்தில் அடுத்த வரியும் அடிப்பவர். ஒரே விசையைக் ககரமாகவும் ஹெச்சாகவும் தட்டுகிற விரலுக்கு இரண்டு வடிவப் பலகைகளை நினைவில் வைத்துக்கொள்வது பெரிய பாரமில்லை. பழைய அரசுத் தட்டச்சு முறையிலிருந்து தமிழ்99க்கு மாறியவர்களுக்கு மூன்றாவது வேறு இருக்கிறது.

கடைசியாக ஒன்று சொல்வார்கள், வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வது: "நீ இல்லாதபோது உன் கம்ப்யூட்டரில் வேறு யாராவது ஒரு மெயில் அடிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது?" ஒரு கணினியில் இரண்டு கீபோர்டை ஒரே நேரத்தில் செருகி வைக்கலாம், இரண்டும் வேலை செய்யும். பழையதைத் தூக்கி எறியச் சொல்லவில்லையே. மின்கட்டணம் கட்ட வருபவர்கள் அதில் தட்டிவிட்டுப் போகட்டும். போகும்போது அந்தக் குட்டிக் கால்களை மட்டும் நிமிர்த்தாமல் இருந்தால் சரி.